ஸ்லோவாகிப்போன லேப்டாப்: அறிகுறி வாரியாகப் பழுது பார்க்கும் வழி

"லேப்டாப் ரொம்ப ஸ்லோ" என்று கொண்டுவந்து நீட்டுகிறவர்கள், கூடவே "ஃபார்மட் போட்டுடலாமா?" என்றும் கேட்பார்கள். ஃபார்மட் கடைசியில் செய்கிற வேலை. அதற்கு முன்னால் காசே செலவாகாத சோதனைகள் நிறைய இருக்கின்றன. ஃபார்மட் போட்டாலும் தீராத கோளாறுகளும் உண்டு. டிஸ்க் சாகும் நிலையில் இருக்கிறது, ஃபேனில் தூசி அடைத்திருக்கிறது, சார்ஜரை மெஷின் அடையாளம் காணவில்லை என்றால் ஃபார்மட் என்ன செய்யும்?

உங்கள் மெஷினின் அறிகுறி எந்தத் தலைப்பின் கீழ் வருகிறதோ அதையும், உடனே கீழே வரும் முதல் பகுதியையும் படித்தால் போதும். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மேக் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சிறு பகுதி கீழே இருக்கிறது.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

ரீஸ்டார்ட் செய்யுங்கள். "தினமும் ஷட்டவுன் செய்துதானே மூடுகிறேன்" என்பீர்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒரு வசதி இருக்கிறது. அது ஆனில் இருந்தால், ஷட்டவுன் கொடுத்தாலும் சிஸ்டத்தின் உள்பகுதி முழுதாக அணையாது. அது டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அதே நிலையில் திரும்ப எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு என்று போய் 'அப் டைம்' எவ்வளவு என்று பாருங்கள். தினமும் அணைப்பதாகச் சொல்பவர் மெஷினிலேயே அது பல நாட்களைக் காட்டும்.

அடுத்து, அந்த டாஸ்க் மேனேஜர். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். மெஷின் திணறிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே இதைத் திறந்து பார்க்க வேண்டும். நன்றாக ஓடும்போது பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. மேலே சிபியு (பிராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க் என்று மூன்று சதவீதங்கள் தெரியும். எது 90-ஐத் தாண்டி இறங்காமல் நிற்கிறதோ அதுதான் உங்கள் வழி:

- டிஸ்க் 100-இல் நிற்கிறது: "எதைத் தொட்டாலும் வட்டம் சுற்றுகிறது" என்ற பகுதிக்குப் போங்கள்.
- மெமரி நிரம்பியிருக்கிறது: "போகப் போக மந்தம்".
- சிபியு ஏறியே இருக்கிறது: "சும்மா இருக்கும்போதே ஃபேன் இரைகிறது".
- மூன்றும் குறைவு, ஆனாலும் ஊர்கிறது: சூடு, சார்ஜர், இணையம் ஆகிய மூன்றில் ஒன்று.

கையோடு பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மூன்று விவரங்களைக் குறித்து வையுங்கள்: ரேம் எத்தனை ஜிபி, டிஸ்க் எஸ்எஸ்டியா (சுழலும் பாகம் இல்லாத, வேகமான வகை) ஹெச்டிடியா (சுழலும் ஹார்ட் டிஸ்க்), சிபியுவின் 'ஸ்பீட்' எவ்வளவு. பின்னால் எல்லா முடிவுக்கும் இவை தேவைப்படும்.

எதிலும் கை வைக்கும் முன் முக்கியமான ஃபைல்களை வெளியே ஒரு டிரைவிலோ கிளவுடிலோ நகல் எடுத்துவிடுங்கள். டிரைவ் பிட்லாக்கரில் (விண்டோஸின் டிரைவ் பூட்டு வசதி) பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க ரெகவரி கீயையும் வேறொரு இடத்தில் எழுதி வையுங்கள். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை மென்பொருள்) அமைப்பை மாற்றினாலோ, அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடுக்குப் போனாலோ மெஷின் அதைக் கேட்கக்கூடும். அந்த நேரத்தில் கீ கையில் இல்லாவிட்டால், ஸ்லோவான லேப்டாப் திறக்கவே முடியாத லேப்டாப் ஆகிவிடும்.

## ஆன் செய்து டெஸ்க்டாப் வருவதற்கே வெகு நேரம்

பிராண்டின் லோகோவிலேயே நிற்கிறதா? விண்டோஸ் தொடங்கும் முன்பே தாமதம் என்று பொருள். செருகியிருக்கும் பென்டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க், பிரிண்டர், எஸ்டி கார்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். சட்டென்று வந்தால் அவற்றில் ஒன்றுதான் காரணம். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் நின்றால், டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டும். "விட்டு விட்டு உறைகிறது" பகுதியைப் பாருங்கள்.

டெஸ்க்டாப் வந்துவிடுகிறது, ஆனால் சில நிமிடங்களுக்கு எதுவும் அசையவில்லையா? டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்டப் ஆப்ஸ்' பக்கத்தைத் திறங்கள். விண்டோஸ் 10-இல் அதன் பெயர் 'ஸ்டார்ட்டப்'. மீட்டிங் ஆப், கேம் லாஞ்சர், மியூசிக் பிளேயர், பிரிண்டர் உதவியாளர் என்று ஒரு கூட்டமே தன்னால் எழுந்து நிற்கும். உங்களுக்குத் தேவையில்லாததை ரைட் கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுங்கள். இதனால் அந்த ஆப் அழியாது; நீங்கள் திறக்கும்போது மட்டும் திறக்கும். ஆன்டிவைரஸ், டச்பேட், ஆடியோ, கிராஃபிக்ஸ் தொடர்பானவற்றை விட்டுவிடுங்கள். பெயர் புரியாததைத் தேடிப் பார்க்காமல் அணைக்க வேண்டாம்.

இதைச் செய்தும் மாறவில்லை, டிஸ்க்கும் ஹெச்டிடி என்றால், அடுத்த பகுதிதான் உங்களுக்கு.

## எதைத் தொட்டாலும் வட்டம் சுற்றுகிறது, டிஸ்க் 100%

பழைய லேப்டாப்களில் அதிகம் பார்க்கிற நோய் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் டாஸ்க் மேனேஜரின் ப்ராசஸ் பக்கத்தில் 'டிஸ்க்' என்ற தலைப்பைக் கிளிக் செய்யுங்கள். அதிகம் பயன்படுத்துவது மேலே வந்து நிற்கும்.

'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்' மேலே இருந்தால் அப்டேட் ஓடுகிறது. 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' இருந்தால் டிஃபெண்டர் ஸ்கேன் செய்கிறது. சர்ச் இண்டெக்ஸர் இருந்தால் ஃபைல்களைப் பட்டியலிடுகிறது. மூன்றுமே முடிந்தால் தானாக அடங்கும். சார்ஜரைச் செருகி, ஸ்லீப் ஆகாமல் வைத்து, ஓர் இரவு அப்படியே விடுங்கள். பலர் இந்த வேலை முடியும் முன்னரே கோபத்தில் அணைத்துவிடுவார்கள். மறுநாள் அது திரும்ப முதலிலிருந்து தொடங்கும், இவர்களும் திரும்ப அணைப்பார்கள்.

கிளவுட் ஒத்திசைவு ஆப் மேலே இருந்தால் அதை நிறுத்தி வைத்துப் பாருங்கள். நிறுத்தியதும் டிஸ்க் இறங்கினால், ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் உள்ள ஃபோல்டர் எதையாவது அது இழுத்துக்கொண்டிருக்கும். அந்த ஃபோல்டரை மட்டும் ஒத்திசைவிலிருந்து விலக்குங்கள்.

அடுத்தது இடம். சி டிரைவில் எவ்வளவு காலி? மொத்தத்தில் 10 சதவீதத்துக்கும் கீழே போயிருந்தால், வேறு எதையும் பார்க்கும் முன் அதைச் சரி செய்யுங்கள். விண்டோஸ் தற்காலிக ஃபைல்களையும், ரேம் போதாதபோது உதவும் பேஜ் ஃபைலையும் அங்கேதான் எழுதுகிறது. எஸ்எஸ்டியும் நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனால் எது எவ்வளவு அடைத்திருக்கிறது என்று காட்டும். அங்கே 'டவுன்லோட்ஸ்' பெட்டியை மட்டும் யோசித்து டிக் செய்யுங்கள். உங்கள் ரசீதும் சான்றிதழும் அந்த ஃபோல்டரில் இருக்கக்கூடும்.

இடம் இருக்கிறது, மேலே எந்த ஆப்பும் பெரிதாகத் தெரியவில்லை, ஆனாலும் 100 என்கிறதா? பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைக் கிளிக் செய்து 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' என்ற எண்ணைப் பாருங்கள். மில்லி செகண்டில் இருக்கும். எஸ்எஸ்டி என்றால் பெரும்பாலும் ஒற்றை இலக்கம். ஹெச்டிடியில் வேலை நடக்கும்போது பத்துகளில் இருப்பது சகஜம். படிப்பதும் எழுதுவதும் சொற்ப கேபியாக இருக்கையில் இந்த எண் பல நூறு, ஆயிரம் என்று தாவினால் டிஸ்க்கே தடுமாறுகிறது. நேராக "விட்டு விட்டு உறைகிறது" பகுதிக்குப் போங்கள், வேறு எதையும் செய்ய வேண்டாம்.

எண் சாதாரணமாகத்தான் இருக்கிறது, டிஸ்க்கும் ஆரோக்கியம், ஆனால் வகை ஹெச்டிடி. அப்படியானால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இன்றைய விண்டோஸுக்கு ஹார்ட் டிஸ்க்கின் வேகம் போதாது. பெரும்பாலான லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகள் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழல்பவை. உள்ளே ஒரு முனை தட்டின் மேல் அங்குமிங்கும் ஓடித்தான் ஒவ்வொரு துண்டையும் எடுக்க வேண்டும். சிதறிக் கிடக்கும் சின்னத் துண்டுகளை அது ஒரு விநாடிக்குச் சுமார் நூறு முறைதான் எடுக்க முடியும். சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்எஸ்டியே அதைப் பல்லாயிரம் முறை செய்யும். ஆகவே நல்ல பிராசஸர் உள்ள பழைய லேப்டாப்பில் பணம் போட ஒரே ஓர் இடம்தான் என்றால், அது எஸ்எஸ்டி. ரேமைக் கூட்டுவதும் இதற்குப் பிறகுதான்.

வாங்கும் முன் உங்கள் மெஷின் எதை ஏற்கும் என்று பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி உட்காரும். சிலவற்றில் கூடவே எம்.2 ஸ்லாட்டும் இருக்கும், ஆனால் எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. சில ஸ்லாட் சாட்டாவை மட்டும் ஏற்கும், சில அதைவிட வேகமான என்விஎம்இ-யை மட்டும் ஏற்கும். மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளர் தளத்தில் உறுதி செய்யாமல் வாங்க வேண்டாம். மொத்த ஸ்டோரேஜே 32 அல்லது 64 ஜிபி என்றால் அது பெரும்பாலும் போர்டில் சால்டர் செய்யப்பட்ட இஎம்எம்சி. அதைக் கழற்றி மாற்ற முடியாது. இடத்தைக் காலி செய்து ஓட்டுவதுதான் வழி.

அப்புறம், டீஃப்ராக், அதாவது சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் வேலை. அது ஹெச்டிடிக்கு மட்டும். எஸ்எஸ்டிக்குத் தேவையான 'ட்ரிம்' வேலையை விண்டோஸ் தானே கால அட்டவணைப்படி செய்துகொள்கிறது. எஸ்எஸ்டியை டீஃப்ராக் செய்கிறேன் என்று வரும் எந்த மென்பொருளையும் போட வேண்டாம்.

## காலையில் நன்றாக இருக்கும், போகப் போக மந்தம்

இது மெமரியின் அறிகுறி. டாஸ்க் மேனேஜரில் 'மெமரி' தலைப்பைக் கிளிக் செய்து மேலே இருப்பது யார் என்று பாருங்கள்.

பிரௌசர் என்றால் அடுத்த பகுதி. வேறு ஏதாவது ஓர் ஆப் நேரம் போகப் போக ஏறிக்கொண்டே இருந்தால், அந்த ஆப்பில் மெமரி கசிவு இருக்கிறது. மூடித் திறந்தால் இறங்கும். அதை அப்டேட் செய்யுங்கள். தீராவிட்டால் மாற்று ஆப் தேடுங்கள். ரேம் வாங்கிப் போட்டால் அதுவும் மெதுவாக நிரம்பும், அவ்வளவுதான்.

தனித்தனியாக எதுவும் பெரிதில்லை, எல்லாம் சேர்ந்து நிரம்புகிறது என்றால் ரேம் போதவில்லை. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்பது அது நிறுவப்படுவதற்கான அளவு. அதை வைத்து நிம்மதியாக வேலை செய்ய முடியாது. பிரௌசர், ஆபீஸ், வீடியோ மீட்டிங் ஒன்றாக ஓட வேண்டுமானால் 8 ஜிபி, எடிட்டிங்கோ புரோகிராமிங்கோ என்றால் 16 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்ட முடியுமா என்பதற்கு அதே பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் குறிப்பு இருக்கிறது. 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற இடத்தில் இரண்டில் ஒன்று என்று இருந்தால் நல்ல சேதி. 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'எஸ்ஓடிஐஎம்எம்' என்றால் கழற்றி மாட்டக்கூடியது. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றால் போர்டோடு சால்டர் செய்தது. சில மாடல்கள் ஸ்லாட்டையும் தப்பாகக் காட்டுவதால், தயாரிப்பாளரின் கையேட்டையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்குப் பதில் மற்றொன்று பொருந்தாது.

## பிரௌசர் மட்டும் ஸ்லோ, மற்றவை பரவாயில்லை

முதல் கேள்வி: மெஷின் ஸ்லோவா, நெட் ஸ்லோவா? அதே வைஃபையில் ஃபோனில் அதே தளத்தைத் திறங்கள். அங்கேயும் இழுத்தால் லேப்டாப்பைக் குறை சொல்ல வேண்டாம். ஃபோனில் பறக்கிறது, லேப்டாப்பில் இழுக்கிறது என்றால், லேப்டாப் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து 5-க்கு மாற்றுங்கள்.

நெட் சரிதான் என்றால், இன்காக்னிட்டோ ஜன்னலில் அதே தளத்தைத் திறங்கள். அங்கே எக்ஸ்டென்ஷன்கள் வழக்கமாக வேலை செய்யாது. அங்கே வேகமாக இருந்தால் குற்றவாளி ஏதோ ஓர் எக்ஸ்டென்ஷன். எல்லாவற்றையும் அணைத்து ஒவ்வொன்றாக ஆன் செய்தால் மாட்டும். கூப்பன் தேடித் தருகிறேன், பிடிஎஃப் மாற்றித் தருகிறேன் என்று வந்தவற்றிலிருந்து தொடங்குங்கள்.

குரோம், எட்ஜ் இரண்டிலும் ஷிஃப்ட், எஸ்கேப் சேர்த்து அழுத்தினால் பிரௌசருக்கே ஒரு டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்தத் தாவல் எவ்வளவு தின்கிறது என்று அதில் தெரியும். நாற்பது தாவல்களைத் திறந்து வைப்பவர்களிடம் மூடுங்கள் என்று சொல்லிப் பயனில்லை. செட்டிங்ஸில் குரோமுக்கு 'மெமரி சேவர்', எட்ஜுக்கு 'ஸ்லீப்பிங் டேப்ஸ்' இருக்கின்றன. அவற்றை ஆன் செய்துவிடுங்கள்.

வீடியோ மட்டும் தடுக்கித் தடுக்கி ஓடினால் 'ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன்' ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனில் இருந்தும் அப்படியே என்றால் கிராஃபிக்ஸ் டிரைவரைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதுப்பியுங்கள்.

## அடிப்பகுதி சுடுகிறது, ஃபேன் இரைகிறது, பிறகு எல்லாம் ஊர்கிறது

சிப் அதன் எல்லைச் சூட்டைத் தொட்டதும், எரிந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பல லேப்டாப் பிராசஸர்களில் அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அதனால் மெஷின் தொடங்கும்போது சுறுசுறுப்பாக இருந்து, கனமான வேலை கொடுத்த சில நிமிடங்களில் படுத்துவிடும். டாஸ்க் மேனேஜரில் சிபியுவின் ஸ்பீடைப் பாருங்கள். வேலை நடக்கும்போதே 'பேஸ் ஸ்பீட்' என்று எழுதியிருக்கும் எண்ணுக்கு வெகு கீழே இறங்கிக் கிடந்தால் சூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மெத்தை, தலையணை, மடி ஆகியவற்றிலிருந்து எடுத்துக் கெட்டியான மேசையில் வையுங்கள். பின்பக்கத்தை ஒரு விரல் அளவு தூக்கி வைத்து ஓட்டிப் பாருங்கள். வேகம் திரும்பினால் காற்றுதான் போகவில்லை.

மேசையிலும் அதே கதை என்றால் தூசி. காற்று வெளியேறும் இடத்தில் கையை வையுங்கள். ஃபேன் அலறுகிறது, வரும் காற்றோ சொற்பம் என்றால், ஃபேனுக்கும் வெளிச்சல்லடைக்கும் நடுவே தூசி படலமாக அடைத்திருக்கிறது. மெஷினை முழுதாக அணைத்து, சார்ஜரையும் எடுத்துவிட்டு, அழுத்தக் காற்றுக் குப்பியால் விட்டு விட்டு ஊதலாம். ஃபேன் இறக்கை சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் போய்விடும். வெளியிலிருந்து ஊதினால் படலம் உள்ளேயே நகர்ந்து உட்கார்ந்துகொள்வதும் உண்டு. அடி மூடியைத் திறந்து சுத்தம் செய்வதுதான் முழுமையானது.

சுத்தம் செய்தும் சூடு இறங்கவில்லை என்றால், சிப்புக்கும் செம்புக் குழாய்க்கும் இடையிலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். மாற்றுவது சின்ன வேலைதான், ஆனால் ஹீட்சிங்கைக் கழற்ற வேண்டும். இதற்கு முன் லேப்டாப்பைத் திறந்து பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். ஃபேன் சுற்றவே இல்லை, கரகரவென்று சத்தம் போடுகிறது என்றாலும் அப்படியே. ஃபேன் தனியாகக் கிடைக்கும், போர்டு அவ்வளவு எளிதில் கிடைக்காது.

இதே பகுதியில் ஓர் எச்சரிக்கை. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, அடி மூடி உப்பியிருக்கிறது, மேசையில் வைத்தால் ஆடுகிறது என்றால் பேட்டரி வீங்கியிருக்கிறது. உடனே அணைத்து, சார்ஜரை எடுத்துவிடுங்கள். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், மூடியைத் திருப்பி அமுக்கி ஸ்க்ரூ போடாதீர்கள். ஸ்லோ என்ற பேச்சே இனி இல்லை. பேட்டரியைக் கழற்ற நேராக சர்வீஸ் சென்டர்.

## சார்ஜர் செருகினால் ஒரு வேகம், எடுத்தால் ஒரு வேகம்

பேட்டரியில் ஓடும்போது மட்டும் மந்தம் என்றால் பெரும்பாலும் அது கோளாறே இல்லை. செட்டிங்ஸில் பவர் பகுதிக்குப் போய் 'பவர் மோட்' எதில் இருக்கிறது, பேட்டரி சேமிப்பு ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சார்ஜர் செருகியிருக்கும்போதும் ஊர்கிறது, சிபியு ஸ்பீட் 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸிலேயே ஆணி அடித்தாற்போல் நிற்கிறது, மெஷினோ சூடாகவே இல்லை. இது தனி ரகம். அனேகமாகச் சார்ஜரை மெஷின் அடையாளம் காணவில்லை. வாட் குறைந்த சார்ஜர், தரமில்லாத மாற்றுச் சார்ஜர், பின் தளர்ந்த ஒயர், செயலிழந்த பேட்டரி என இவற்றில் ஏதோ ஒன்றால் மெஷின் பாதுகாப்புக்காகத் தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்கிறது. சார்ஜரின் மேல் எழுதியுள்ள வாட் அளவு மெஷினோடு வந்த சார்ஜருக்குச் சமமா என்று பாருங்கள். அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரிடம் சார்ஜரை வாங்கிச் செருகிப் பார்ப்பதுதான் ஆகச் சிறந்த சோதனை. பின்பு மெஷினை அணைத்து, சார்ஜரை எடுத்து, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு ஆன் செய்யுங்கள்; பல மாடல்களில் இதனாலேயே பூட்டு விடுபடும். விடுபடவில்லை, சரியான சார்ஜரிலும் அப்படியே நிற்கிறது என்றால் சார்ஜிங் போர்ட்டோ போர்டிலுள்ள சென்சாரோ பார்க்கப்பட வேண்டும். அது வீட்டு வேலை அல்ல.

## சும்மா இருக்கும்போதே ஃபேன் இரைகிறது, சிபியு ஏறி நிற்கிறது

சிபியு தலைப்பைக் கிளிக் செய்து மேலே யார் என்று பாருங்கள். 'டீட்டெய்ல்ஸ்' பக்கத்தில் 'சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்' 95 என்று இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். சிபியு அவ்வளவு சும்மா இருக்கிறது என்பதே அதன் பொருள்.

'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்' மேலே வந்து நின்றால் டிரைவரோ ஏதோ ஒரு சாதனமோ தொல்லை தருகிறது. யுஎஸ்பியில் செருகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

இரண்டு ஆன்டிவைரஸ் இருக்கிறதா? ஒன்று போதும், இன்னொன்றை நீக்குங்கள். 'பிசி கிளீனர்', 'டிரைவர் அப்டேட்டர்', 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' என்ற பெயரில் எது இருந்தாலும் அதையும் நீக்குங்கள். வேகம் கூட்டுகிறேன் என்று வந்து பின்னணியில் குடியிருப்பவை இவை. ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்து வேகம் கூடிய மெஷின் எதையும் நான் பார்த்ததில்லை.

தெரியாத பெயர் சிபியுவைத் தின்கிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்குகிறது, மூடினால் திரும்ப ஏறுகிறது. இது மால்வேரின் நடத்தை. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும் முன்பே சோதிக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும். கிராக் செய்த மென்பொருள் போட்டிருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

எதுவும் சிக்கவில்லையா? ஷிஃப்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் வழியாக சேஃப் மோடுக்குப் போங்கள். அங்கே வேகமாக இருந்தால் வெளியிலிருந்து போட்ட மென்பொருளோ டிரைவரோதான் காரணம். சேஃப் மோடிலும் ஊர்ந்தால் ஹார்டுவேரைப் பார்க்க வேண்டும்.

## அப்டேட்டுக்குப் பிறகுதான் இப்படி

ஒரு நாள் பொறுங்கள். பெரிய அப்டேட் முடிந்த பிறகு இண்டெக்ஸிங், டிஸ்க் ஒழுங்கு, ஆப் அப்டேட் என்று பின்னணியில் வேலை தொடரும். அதற்குப் பிறகும் மாறவில்லை என்றால் கிராஃபிக்ஸ், சிப்செட் டிரைவர்களை லேப்டாப் தயாரிப்பாளர் தளத்திலிருந்து போடுங்கள். அதுவும் உதவவில்லை என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரியில் 'கோ பேக்' இருக்கும். விண்டோஸ் 11-இல் பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பின் 10 நாள் வரைதான் அது கிடைக்கும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதனால் 11-க்கு மாறி மந்தமானவர்கள், வேகத்துக்காக மட்டும் 10-க்குத் திரும்ப வேண்டாம். அந்த மெஷினில் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை மாற்றுவதே தீர்வு.

## விட்டு விட்டு உறைகிறது, கடகட சத்தம், ஃபைல் திறக்க மறுக்கிறது

இங்கே நிறுத்துங்கள். இது வேகப் பிரச்சினை இல்லை, உங்கள் தரவு போகப்போகிறது என்ற அறிகுறி.

டீஃப்ராக் வேண்டாம். டிஸ்க்கில் பிழை தேடும் செக்டிஸ்க்கும் வேண்டாம், சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது மூலை முடுக்கெல்லாம் படிக்க வைத்து இன்னும் சோர்வாக்கும். முதலில் முக்கியமான ஃபைல்களை வெளியே எடுங்கள், அதிலும் திரும்பக் கிடைக்காதவை முன்னால்: படங்கள், ஆவணங்கள், கணக்குகள். படங்களையும் சான்றிதழ்களையும் எடுத்த பிறகு சினிமாவைப் பற்றி யோசிக்கலாம்.

எடுத்து முடித்த பிறகு சோதியுங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவி டிஸ்க்கின் நிலையை 'குட்', 'காஷன்', 'பேட்' என்று காட்டும். 'காஷன்' என்று மஞ்சள் வந்தாலே மாற்றிவிட வேண்டியதுதான். என்விஎம்இ டிரைவ் என்றால் விண்டோஸ் 11-இல் ஸ்டோரேஜ் பகுதியில் 'டிஸ்க்ஸ் அண்ட் வால்யூம்ஸ்' போய் டிரைவின் ப்ராப்பர்ட்டிஸில் மிச்ச ஆயுள் எத்தனை சதவீதம் என்று பார்க்கலாம். விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளில் 'டிஸ்க்' என்ற பெயரோடு 7-ஆம் எண் பிழை இருந்தால் மோசமான பிளாக் இருக்கிறது என்று பொருள்.

நகல் எடுக்கவே முடியவில்லை, உள்ளே டக் டக் என்று சத்தம், பயாஸே டிஸ்க்கைக் காணவில்லை என்கிறது. ஆனால் உள்ளே விலைமதிப்பில்லாத ஃபைல் இருக்கிறது. அப்படியானால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். தரவு மீட்பு செய்கிறவர்களிடம் போங்கள். சாதாரணப் பழுதுக் கடையில் "ஒரு சாஃப்ட்வேர் போட்டுப் பார்க்கிறேன்" என்றால் கொடுக்க வேண்டாம்.

## மேக் வைத்திருப்பவர்களுக்கு

ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து மெமரி பக்கத்தின் கீழே 'மெமரி பிரஷர்' வரைபடத்தைப் பாருங்கள். பச்சை என்றால் ரேம் போதும், மஞ்சளும் சிவப்பும் தொடர்ந்து வந்தால் போதவில்லை. ஆப்பிள் சிலிக்கன் மேக்கில் ரேமைக் கூட்ட வழியே இல்லை, ஆகவே ஆப்களைக் குறைப்பதுதான். 'கர்னல் டாஸ்க்' சிபியுவை நிறையத் தின்பதாகக் காட்டினால் அதை வைரஸ் என்று நினைக்காதீர்கள். சூட்டைக் குறைக்க சிஸ்டமே சிபியுவைப் பிடித்து வைக்கிறது, சூட்டைப் பற்றிய பகுதி இங்கேயும் பொருந்தும். அப்டேட்டுக்குப் பின் 'எம்டிவொர்க்கர்' ஓடினால் ஸ்பாட்லைட் பட்டியலிடுகிறது, விட்டுவிடுங்கள்.

## இத்தனையும் பார்த்தாயிற்று, டிஸ்க்கும் சூடும் சரிதான்

இப்போது ஃபார்மட். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரியில் 'ரீசெட் திஸ் பிசி' இருக்கிறது. 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தால் உங்கள் ஃபைல்கள் இருக்கும், நிறுவிய ஆப்கள் போய்விடும். எது எது மறுபடி போட வேண்டும், எதற்கு லைசென்ஸ் கீ உண்டு என்று முதலிலேயே பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள். 'கீப் மை ஃபைல்ஸ்' என்ற பெயரை நம்பி பேக்கப் எடுக்காமல் இருக்க வேண்டாம்.

எஸ்எஸ்டி போட்டு, ரேம் 8 ஜிபி ஆக்கி, புதிதாக ஓஎஸ் போட்டும் சாதாரண வேலைக்கே சிபியு 100-இல் நிற்கிறது என்றால், பிராசஸரின் காலம் முடிந்துவிட்டது. பிரௌசரும் எழுத்து வேலையும் மட்டும் போதும் என்பவர்கள் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். மற்றவர்கள் இந்த மெஷினில் மேற்கொண்டு பணம் போட வேண்டாம்.

## கடையில் கொடுப்பதென்றால்

"ஸ்லோ" என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். "டிஸ்க் 100, ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரத்துக்கு மேல்", "சூடாகவே இல்லை, ஆனால் ஸ்பீட் 0.4-இல் நிற்கிறது" என்று எண்ணோடு சொல்லுங்கள். உங்களிடம் வேண்டாத பாகத்தை மாற்றச் சொல்லும் வாய்ப்பு குறையும். பாஸ்வேர்டைச் சொல்ல விருப்பமில்லை என்றால் தனியாக ஒரு லோக்கல் யூசர் கணக்கைத் திறந்து கொடுங்கள். ஆனால் ஓஎஸ் போடுவது, டிஸ்க் மாற்றுவது போன்ற வேலைக்கு அட்மின் உரிமையோ பிட்லாக்கர் கீயோ தேவைப்படும், அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பழுது பார்த்துத் திரும்ப வாங்கும்போது அங்கேயே ஆன் செய்து டாஸ்க் மேனேஜரில் எஸ்எஸ்டி என்று வருகிறதா, ரேம் சொன்ன அளவா என்று பாருங்கள். கழற்றிய பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிவிடுங்கள். எல்லா ஃபைலும் புதிய டிஸ்க்குக்கு வந்துவிட்டதா என்று நிதானமாகச் சரிபார்க்கும் வரை அதை அழிக்க வேண்டாம்.